நான் மறைத்த காயமும் நீ நிறுத்திய விமானமும்

அன்புள்ள மகனுக்கு,

நம்ம தோட்டத்து இளைஞர் மன்றத்துப் பிள்ளைகள் உனக்குப் பாராட்டு மலர் போடுகிறார்கள். அதில் "தாயின் வாழ்த்து" என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி மன்றத்துச் செயலாளர் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து போய்விட்டான். "ஒரு பக்கம் போதும் அக்கா, பெருமையா எழுதுங்க" என்றான். ஒரு பக்கத்தில் அடங்குகிற விஷயமாக இருந்தால் நான் ஏன் மூன்று நாளாகப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருக்கிறேன்? போனிலேயே உன்னிடம் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் உன்னை எனக்குத் தெரியாதா? நான் வாயைத் திறந்ததும் "பரவாயில்லம்மா, விடுங்க" என்று கதையை முடித்துவிடுவாய். இது நீ பரவாயில்லை என்று சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து முதலில் உனக்கு அனுப்புவேன். அதன் பிறகு அச்சுக்குப் போகும். தோட்டமே படிக்கட்டும்.

முதலில் நீ சிரிக்க ஒன்று சொல்கிறேன். தெரணியகலை டவுனில் உன் படம் போட்டு பெரிய பேனர் அடித்து, கோயிலுக்கு ஏறுகிற வளைவில் கட்டியிருக்கிறார்கள். நீ கோட் சூட் போட்டு நிற்கிறாய். உனக்குப் பின்னால் ஒரு ராக்கெட் நெருப்புக் கக்கிக்கொண்டு மேலே போகிறது. "டேய், அவன் ராக்கெட் விடலடா, பிளேன் பாக்கிறவன்டா" என்றேன். "பிளேன் போட்டா ஏர்போர்ட் விளம்பரம் மாதிரி இருக்கு அக்கா, ராக்கெட்டுதான் எடுப்பா இருக்கு" என்கிறான் செயலாளர். நேற்று டவுனுக்குப் போகும்போது திரீவீல்காரப் பையன் பின்னால் திரும்பி, "அம்மே, புத்தா ராக்கெட் ஹதனவாத?" என்று கேட்டான். என் பிள்ளை ராக்கெட் செய்கிறானா என்று அவனுக்கு ஆசை. இல்லையப்பா, பறந்து வந்த விமானத்தைச் சோதித்து, மறுபடி பறக்கலாம் என்று கையெழுத்துப் போடுகிற இன்ஜினியர் அவன் என்று சிங்களத்தில் விளக்கிச் சொன்னேன். அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனாலும் இறங்கும்போது என் பையைத் தூக்கி வந்து கடை வாசலில் வைத்துவிட்டுப் போனான். உன்னால் எனக்குக் கிடைக்கிற மரியாதை இப்படி வழியெல்லாம் இருக்கிறது.

நீ இருக்கிற வெளிநாட்டில் விமானத் தொழிலில் இருக்கிற பெரிய மனிதர்கள் எல்லாம் சேர்ந்த சங்கம், இந்த வருடத்து உயர்ந்த விருதை உனக்குக் கொடுக்கிறது என்று நீ போன மாதம் சொன்னபோது, நீ என்னத்தையோ புதிதாகக் கண்டுபிடித்திருக்கிறாய் என்று நினைத்தேன். அப்போதுதான் முழுக் கதையும் சொன்னாய். விமானத்தின் இறக்கையோடு இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கிற இரும்பை இரண்டு பக்கமும் விளக்கடித்துப் பார்க்கவேண்டுமாம். நீ ஒரு பக்கம் பார்த்து முடிக்கும்போது யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். திரும்பி வந்து, இரண்டு பக்கமும் பார்த்தாயிற்று என்ற நினைப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டாய். வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது மனதில் சுருக்கென்றிருக்கிறது. ஆட்கள் ஏறி, பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிற விமானம். நீ போன் எடுத்து, "நிறுத்துங்க, பிழை என்னுடையது" என்று சொல்லியிருக்கிறாய். ஆட்களை இறக்கிவிட்டுப் பார்த்தால், நீ பார்க்காமல் விட்ட அந்தப் பக்கத்தில் தலைமயிர் அளவுக்கு ஒரு வெடிப்பு. அதே மாதிரி விமானங்களை எல்லாம் பிறகு சோதித்ததில் வேறு சிலவற்றிலும் அதே இடத்தில் வெடிப்பு இருந்ததாம்.

இதைக் கேட்டபோது எனக்குப் பெருமை வரவில்லை, மகனே. முதலில் கோபம்தான் வந்தது. விசாரணை என்று உன்னை மாதக்கணக்கில் வேலையை விட்டு ஒதுக்கி வைத்திருந்த காலத்தில், "லீவுல இருக்கேம்மா, நல்லாத் தூங்குறேன்" என்று எனக்குப் பொய் சொல்லியிருக்கிறாய். ஊருக்கெல்லாம் உண்மை, பெற்றவளுக்கு மட்டும் பொய்யா? இரண்டு நாள் உன் போனை நான் எடுக்கவில்லை, ஞாபகம் இருக்கட்டும். மூன்றாவது நாள் காலையில் தேத்தண்ணி ஊற்றும்போது, அந்த விமானத்தில் இருந்தவர்களை நினைத்துப் பார்த்தேன். எவளோ ஒருத்தி மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு, இறக்கிவிட்டதற்கு எரிச்சல்பட்டிருப்பாள். உன்னைத் திட்டிக்கூட இருப்பாள். அவள் அன்றைக்கு வீட்டுக்குத் தாமதமாகப் போனாள், ஆனால் போய்ச் சேர்ந்தாள். அதை நினைத்ததும் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். நன்றி மகனே. அவளுக்கும் சேர்த்து நான் சொல்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது, விருது மேடையில் ஐந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள், என்ன பேசுவது என்று யோசித்துவிட்டேன் என்றாய். "ஒங்களப் பத்தித்தாம்மா பேசப்போறேன். எங்கம்மா ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுறவங்க. ஒரு மரத்துலகூடக் காயம் படாம வெட்டி, சிறந்த தொழிலாளின்னு பரிசு வாங்குனவங்க. அந்தப் பரிசுக் கடிகாரத்துக்குக் கீழ உக்காந்துதான் நான் படிச்சேன். எங்கம்மா ஒரு வார்த்த சொல்லுவாங்க, நீயா சொன்னா பாதி, நான் கண்டா முழுசுன்னு. அந்த வார்த்ததான் அன்னைக்கி என்னய போன் எடுக்க வச்சது. இப்புடிச் சொல்லப்போறேம்மா" என்றாய். நான் "ம்" என்றேன். லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

நான் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். பெல்மதுளைப் பக்கத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த கையோடு கல்யாணம் முடிந்து இந்த ரப்பர் மலைக்கு வந்தேன். பால் வெட்டுகிற கத்தியை எப்படிப் பிடிப்பது என்று எனக்குத் தெரியாது. பட்டையை மெல்லியதாகச் சீவவேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது, கூடினால் கத்தி கட்டையில் பட்டு மரத்தில் காயம் விழும். காயம் பட்ட இடத்தில் பட்டை சரியாக வளராது, கட்டி கட்டியாகப் புடைக்கும். பிறகு அந்த இடத்தில் கத்தி வைக்கவே முடியாது. என் மரங்களைப் பார்த்துவிட்டு எல்லாரும் சிரித்தார்கள். "தேயிலைக்காரி வெட்டுன மரம்டி, அம்மை போட்ட மொகம் மாதிரி இருக்கு" என்பார்கள். உன் அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். எனக்கு ரோசம் அதிகம் என்று உனக்குத் தெரியும். எனக்குக் கையைப் பிடித்து வெட்டக் காட்டிக் கொடுத்தது பக்கத்து லயத்து வீட்டில் இருந்த செல்வமணி ஒருத்திதான், உன் செல்வமணி அத்தை. என்னைவிட இரண்டு வயது இளையவள். அவளும் சிரித்தாள், ஆனால் சிரித்துக்கொண்டே காட்டிக் கொடுத்தாள்.

நீ ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதிய வருடம் தோட்டத்தில் பால்வெட்டுப் போட்டி வைத்தார்கள். அவரவர் தினமும் வெட்டுகிற மரங்களிலேயே ஆளுக்குக் கொஞ்சம், பெயின்ட் அடித்து நம்பர் போட்டிருந்தது. வேகத்துக்கும் மார்க், காயமில்லாத வெட்டுக்கும் மார்க். பக்கத்துத் தோட்டத்திலிருந்து மரங்களை மேற்பார்வை பார்க்கிற பீல்ட் ஐயா ஒருவர் நடுவராக வந்திருந்தார், சிங்களவர், கண்ணாடி போட்டவர். உன் அப்பா, தோட்டத்தை நடத்துகிற துரை, டிவிஷன் ஆட்கள் எல்லாரும் நின்று பார்க்கிறார்கள். எனக்கு அன்றைக்குக் கை அப்படி ஓடியது. கடைசி மரத்துக்கு வரும்போது, செல்வமணி எனக்கு முன்னால் முடித்துவிடுவாளோ என்று ஒரு கண்ணால் அவளைப் பார்த்தேன். அந்த ஒரு நொடியில் பட்டையில் இருந்த ஒரு கணுவில் கத்தி வழுக்கியது. பார்த்தால் வெள்ளையாகக் கட்டை தெரிகிறது, என் சுண்டுவிரல் நகம் அளவுக்கு.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சீவிப் போட்ட பட்டைத் துகளை எடுத்துப் பாலில் குழைத்து, கட்டைவிரலால் அந்த இடத்தில் அப்பினேன். மேலே கொஞ்சம் மண்ணைத் தடவினேன். யோசித்துச் செய்யவில்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் நன்றாக யோசித்துத்தான் செய்தேன். முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதவள் மாதிரி நின்றேன். நடுவர் வந்து மரம் மரமாகத் தடவிப் பார்த்தார். என் கடைசி மரத்தில் அவர் விரல் அந்த இடத்தின் மேலேயே போனது. "ஹொந்தாய், போம ஹொந்தாய்" என்றார். ரொம்ப நல்லது என்று அர்த்தம். அடுத்தது செல்வமணி மரம். அவர் கை வைப்பதற்கு முன்னாலேயே அவள் சொன்னாள், "ஐயா, இந்த மரத்துல வலது பக்கம் கத்தி பட்டுருச்சுங்க. பாத்துக்குங்க." அவர் குனிந்து, கண்ணாடியைக் கழற்றி மாட்டி, ரொம்ப நேரம் தேடித்தான் கண்டுபிடித்தார். அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது அவர் கண்ணில் பட்டே இருக்காது. அந்த ஒரு காயத்துக்காக அவளுக்கு இரண்டாம் இடம், எனக்கு முதல் இடம். துரை கையால் கடிகாரம். உன் அப்பா லயம் முழுக்கக் காட்டிக்கொண்டு வந்தார். "யாருடா சொன்னது தேயிலைக்காரின்னு?" என்று அவர் கேட்ட சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது.

அன்றைக்குச் சாயங்காலம் செல்வமணி வீட்டுக்கு வந்தாள். கடிகாரத்தை அண்ணாந்து பார்த்து, "அழகா இருக்கு அக்கா. கொஞ்சம் கோணலாத் தொங்குது" என்று சொல்லி, ஸ்டூலில் ஏறி நேராக்கிவிட்டு இறங்கினாள். மூன்று வருடம் கழித்து எனக்குக் கர்ப்பப்பை ஒப்பரேஷன் நடந்தபோது, என் மரங்களை அவளுக்குத்தான் கொடுத்தார்கள். அதற்குள் அந்தக் கடைசி மரம் காயம் பட்ட இடத்தில் முஷ்டி அளவுக்குப் புடைத்துவிட்டது. பால் வெட்டுகிறவளுக்கு அதைப் பார்த்ததும் தெரியும், இது எந்த உயரத்தில், எந்த வருடத்து வெட்டில் விழுந்த காயம் என்று. கடவுளே, அவள் பார்த்திருப்பாளே என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி எனக்கு வேர்த்தது. நான் வீடு வந்ததும் அவள் கஞ்சி கொண்டு வந்தாள். மரங்களைப் பற்றிக் கேட்டேன். "எல்லாம் நல்லா இருக்கு, நீங்க ஒடம்பப் பாருங்க" என்றாள்.

இப்போது அந்த வார்த்தைக்கு வருவோம். "நீயா சொன்னா பாதி, நான் கண்டா முழுசு." மகனே, அதை நான் ஒருநாளும் சொன்னதில்லை. எனக்கு அந்த வாயே கிடையாது, கிடைத்ததை எடுத்து அடிக்கிறவள் நான். பகலுக்குப் பிறகு நான் ஸ்டோரில் ரப்பர் ஷீட் காயப்போடும் வேலைக்குப் போனதால், பள்ளிக்கூடம் விட்டதும் நீ செல்வமணி வீட்டில்தான் இருந்தாய். அவளுடைய இரண்டு பெண் பிள்ளைகளோடு சேர்ந்து நீ உடைத்த கோப்பை எத்தனை, கவிழ்த்த வாளி எத்தனை! அவள் வீட்டுச் சட்டம் அது. செய்த குற்றத்தை நீங்களே வந்து சொன்னால் பாதித் தண்டனை, அவளாகக் கண்டுபிடித்தால் முழுத் தண்டனை. தோப்புக்கரணம் இருபது என்றால் பத்து. பீலிக் குழாயடியிலிருந்து நான்கு வாளித் தண்ணீர் தூக்கவேண்டும் என்றால் இரண்டு. இருபது வருடத்தில் உன் மனதில் அவள் குரல் என் குரலாக மாறிவிட்டது. அது உன் குற்றமில்லை. பிள்ளைகள் நல்லதை எல்லாம் தாய் கணக்கில் எழுதிவிடுவார்கள். ஆனால் நான் அதை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தால், அதே மரத்தில் இரண்டாம் தடவை மண் பூசுகிறேன் என்றுதான் அர்த்தம்.

உன்னிடம் பேசி வைத்த மறுநாள், சுவரிலிருந்து கடிகாரத்தைக் கழற்றினேன். துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு செல்வமணி வீட்டுக்குப் போனேன். அவள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே முழுவதும் சொன்னேன். கணு, கத்தி, பட்டைத் துகள், மண், எல்லாம். நீ மேடையில் சொல்லப்போவதையும் சொன்னேன். அவள் புடைப்பதை நிறுத்தவே இல்லை. நான் முடித்த பிறகு சுளகைக் கீழே வைத்தாள்.

"எனக்குத் தெரியும் அக்கா," என்றாள்.

"மரத்தப் பாத்துத்தானே?"

"மரத்தப் பாத்தது பெறகு, அன்னைக்கே தெரியும். பரிசு வாங்கப் போறப்ப ஒங்க முந்தானையில ஒரே மண்ணு. பால் வெட்டப் போனவளுக்கு மண்ணுல என்ன வேல?"

"அப்பவே ஏன்டி சொல்லல?"

"அண்ணே அன்னைக்கித்தான் மொத தடவையா ஒங்களப் பத்திப் பெருமையாப் பேசுனாரு. அதப் போயி நான் எப்புடிக் கெடுக்குறது?"

அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, "இத்தன வருசம் கழிச்சின்னாலும் நீங்களா வந்து சொன்னீங்க. அதனால பாதி" என்றாள். எனக்கு அழுகையிலும் சிரிப்பு வந்தது. என்ன பாதி என்றேன். "வருசத்துல பாதி அந்தக் கடிகாரம் எங்க வீட்டுல தொங்கட்டும். இது ஓடுதா மொதல்ல?" என்று கேட்டாள். பேட்டரி போட்டால் ஓடும் என்றேன். "பேட்டரியும் நீங்கதான் போடணும்" என்றாள்.

ஆகவே உன் பேச்சை மாற்றி எழுது. அம்மாவைப் பற்றிச் சொல்லாதே என்று நான் சொல்லவில்லை. இதையும் சொல்லு, அல்லது என்னை விட்டுவிடு, அது உன் இஷ்டம். ஆனால் செல்வமணி என்ற பெயரை அந்த மண்டபத்தில் கேட்கும்படி சொல்லு. அந்தப் பெரியவர்களை எனக்குத் தெரியாது. ஆனால் அவர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. எங்கள் மலையில் தன் பிழையைத் தானே சொன்னவளுக்கு இரண்டாம் இடம் கொடுத்தோம். அவர்கள் அப்படிச் சொன்னவனைக் கூப்பிட்டு முதலிடத்தில் வைக்கிறார்கள். நீ அந்த விருதை வாங்கும்போது, அவளுக்கு அன்றைக்குக் கிடைக்காததும் அதில் சேர்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்.

இன்னும் ஒன்று, இதை அறிவுரை என்றே எடுத்துக்கொள். உண்மை சொன்னவன் என்று இனி ஊரே உன்னைப் பார்க்கும். அதை நீயே சொல்லிக்கொண்டு திரியாதே, சகிக்காது. உனக்குக் கீழே வேலை பார்க்கிற பிள்ளைகளில் எவனாவது ஒருநாள் எதையாவது மறைப்பான். அவனை எல்லார் முன்னாலும் நிறுத்திவிடாதே. முதலில் தனியாகக் கூப்பிட்டு, யார் சிரிப்பார்கள் என்று பயந்தாய் என்று கேள். நான் திருடி இல்லை, மகனே. மறுபடியும் தேயிலைக்காரி என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்தவள். என்னிடம் அன்றைக்கு யாராவது அப்படிக் கேட்டிருந்தால், அந்த மண்ணை நானே துடைத்திருப்பேனோ என்னவோ. கோட்டைத் தைக்கக் கொடுக்கும்போது தோள் பக்கம் கொஞ்சம் தாராளமாக வைக்கச் சொல்லு, பேனரில் இறுக்கமாகத் தெரிகிறது. மருமகளையும் மேடைக்குப் பக்கத்தில் உட்காரவை. நீ வேலையை விட்டு ஒதுங்கியிருந்த மாதங்களை உன்னோடு தாங்கியது அவள்தான், நான் இல்லை.

கோயில் திருவிழாவன்று உனக்குப் பதிலாக எனக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம். நான் செல்வமணியையும் கூட்டிக்கொண்டு மேடை ஏறுவேன். இந்த மலர் அதற்கு முன்பே எல்லார் கையிலும் இருக்கும். யார் எப்படிப் பார்ப்பார்களோ, எந்த வாய் என்ன பேசுமோ என்று பயம் இருக்கத்தான் செய்கிறது. பேசட்டும். மன்றத்துப் பிள்ளைகளே, ஒரு வரியையும் வெட்டாமல் போடுங்கள்.

நம் வீட்டுச் சுவரில் இப்போது ஆணி மட்டும் இருக்கிறது. கடிகாரம் இருந்த இடம் வட்டமாக வெளுத்துப்போய்த் தெரிகிறது. நீ லீவில் வரும்போது மணி பார்க்கவேண்டும் என்றால் செல்வமணி அத்தை வீட்டுக்குப் போய்த்தான் பார்க்கவேண்டும்.

அவள் தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டாள். இனி நீதான் பாக்கி. நீ கண்டுபிடிக்கவில்லை மகனே, நானாகத்தான் சொன்னேன். பாதிதான் கொடுக்கவேண்டும்.

உன் அம்மா